தொட்டிக்கரி கெடுத்த கிணற்றைத் தொட்டிக்கரியே சரிசெய்யுமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவர் வீட்டுக் கிணற்றிலிருந்து 400 மீட்டர் தூரத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், தேங்காய்த் தொட்டியைச் (ஓட்டை) சுட்டுக் கரியாக்கும் குழிகள் இருக்கின்றன. ஒரு வருடமாகத் தண்ணீரில் லேசான புகை வாடை. ப்ளீச்சிங் பவுடர் போட்டுப் பார்த்தார்கள்; அதற்குப் பிறகு வாடை போகாமல் ஆஸ்பத்திரி வாடையாக மாறிவிட்டது. கரி ஃபில்டர் விற்க வந்தவர், வாடை, பூச்சிமருந்து, ஃப்ளோரைடு எல்லாம் போய்விடும் என்கிறார். மாமியாரோ, அதற்கு எதற்குக் காசு, அடுப்பில் கிடக்கிற சிரட்டைக் கரியைக் கழுவிப் பானையில் போடு, மாதம் ஒருமுறை வெயிலில் காயவை என்கிறார். இரவில் புகை வந்தால் படுக்கையறையில் கரிப் பை தொங்கவிட்டால் போதுமா என்றும் கடைசியில் ஒரு கேள்வி.

கேள்விகள் நாலைந்து போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: கரி எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்? அதற்குப் பதில் தெரிந்தால் ஃபில்டர்காரர் சொல்வதில் எது மெய், எது வியாபாரம் என்று நீங்களே பிரித்துவிடலாம்.

நான் பொள்ளாச்சிக்காரன். எல்லையோரத்தில் தொட்டிக்கரியிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் செய்யும் ஓர் ஆலையின் ஆய்வகத்தில் 26 வருடம் வேலை பார்த்தேன். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் நடத்தியவன் இல்லை, மருத்துவனும் இல்லை. கரியைத் தெரியும். (நாங்கள் தொட்டி என்போம், நீங்கள் சிரட்டை என்பீர்கள். லாரி செக்போஸ்ட்டைத் தாண்டியதும் சரக்கின் பெயரே மாறிவிடும்.)

முதலில் மாமியாரின் யோசனை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கரிக்கு நிறத்தையும் வாடையையும் பிடிக்கும் குணம் உண்டு. 1785-இலேயே லோவிட்ஸ் என்ற வேதியியலாளர் கலங்கிய கரைசல்களைக் கரியால் நிறம் நீக்கிக் காட்டியிருக்கிறார். ஆனால் அடுப்புக் கரிக்கும் ஃபில்டர் கரிக்கும் இடையில் ஒரு பெரிய வேலை நடக்கிறது. தொட்டியைக் காற்றுப் படாமல் 400 முதல் 600 டிகிரியில் சுட்டால் கரி கிடைக்கும். ஏறக்குறைய 3 கிலோ தொட்டிக்கு 1 கிலோ கரி. இந்தக் கரிக்குள் நுண்துளைகள் உண்டு, ஆனால் பெரும்பாலானவற்றின் வாயைத் தாரே அடைத்துக்கொண்டிருக்கும். அதைச் சுழலும் உலையில் போட்டு, 900 டிகிரி அளவில் நீராவியை உள்ளே விடுவார்கள். நீராவி கரியோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் வெளியேறும். கரி உள்ளிருந்து அரிக்கப்படும், அடைப்புகள் திறக்கும், புதுத் துளைகள் பிறக்கும். போட்ட கரியில் மூன்றில் இரண்டு பங்கு இப்படிப் புகைந்தே போய்விடும். மிஞ்சுவதுதான் ஆக்டிவேட்டட் கார்பன்; அதன் ஒரு கிராமுக்குள் ஏறக்குறைய 1000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். ஏழெட்டு கிராமை, அதாவது ஒரு சிறு கைப்பிடியை, விரித்துப் போட முடிந்தால் ஒரு கால்பந்து மைதானத்தை மூடும். இதை யாரும் விரித்துப் பார்க்கவில்லை. நைட்ரஜன் வாயுவை மைனஸ் 196 டிகிரியில் கரியின்மேல் படியவிட்டு, எவ்வளவு படிந்தது என்பதிலிருந்து பரப்பைக் கணக்கிடுகிறார்கள். 1938-இல் புருனாயர், எம்மெட், டெல்லர் என்ற மூவர் கொடுத்த கணக்கு அது. அந்த டெல்லர்தான் பின்னாளில் ஹைட்ரஜன் குண்டோடு பேசப்பட்டவர்.

ஆய்வகத்தில் நாங்கள் நாள்தோறும் செய்தது இதைவிட எளிய சோதனை. பொடித்த கரியை எடை போட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு கொதி விட்டு, ஆறியதும் 100 மில்லி அயோடின் கரைசலை ஊற்றி, 30 நொடி குலுக்கி, வடிதாளில் வடிகட்டுவோம். ஊற்றும்போது கட்டன்சாயா (பாலில்லாத தேநீர்) நிறத்தில் இருந்த கரைசல், நல்ல கரியானால் வெளுத்த வைக்கோல் நிறத்தில் சொட்டும். பிறகு, மிஞ்சிய அயோடினை அழிக்கும் தயோசல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கடைசியில் கஞ்சிக் கரைசல் போட்டால் வருகிற நீலம் எந்தச் சொட்டில் மறைகிறது என்று பார்ப்போம். அதிலிருந்து வருவதுதான் அயோடின் எண். 1000 என்றால் ஒரு கிராம் கரி ஒரு கிராம் அயோடினை, தன் எடைக்குத் தன் எடையை, பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். குடிநீருக்கு விற்கும் நல்ல தொட்டிக் கார்பன் 900-க்கும் 1100-க்கும் நடுவில் நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆவலில் வெறும் தொட்டிக்கரியையே பொடித்து இந்தச் சோதனை செய்து பார்த்தேன். ஊற்றிய கட்டன்சாயா கட்டன்சாயாவாகவே வடிந்தது. மேற்பார்வையாளர் சிரித்துவிட்டுப் போனார். இன்னொன்று: தொட்டிச் சாம்பலில் பொட்டாசியம் அதிகம். கழுவாத அடுப்புக் கரி தண்ணீரில் காரத்தை இறக்கும், விரலில் வழுவழுவென்று தெரியும். ஆகவே அடுப்புக் கரி வேண்டாம்.

இப்போது அந்தப் பிடிப்பைப் பற்றி. பள்ளிப் புத்தகத்தில் பரப்புக் கவர்தல் என்று போட்டிருப்பார்கள். பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது வேறு, இது வேறு. துளையின் சுவரில் மூலக்கூறு வந்து ஒட்டி நிற்கிறது. பெரும்பாலும் வேதிவினை எதுவும் இல்லை, வெறும் ஈர்ப்புதான். துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு பலம், ஏனென்றால் எல்லாப் பக்கச் சுவரும் சேர்ந்து இழுக்கும். தொட்டிக் கார்பனின் பெருமை அங்கேதான்: அதன் துளைகளில் மிகப் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறைவானவை. ஆவிகளையும் சிறு மூலக்கூறுகளையும் பிடிக்க இதைவிடத் தோதான சரக்கு குறைவு. முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்குத் தேங்காய் ஓட்டுக் கரியைத் தேடி அலைந்ததும், அது போதாமல் 1918-இல் அமெரிக்காவில் மக்களிடம் பீச் பழக்கொட்டைகளைத் திரட்டியதும் இதனால்தான். சர்க்கரைப் பாகின் நிறம் போலப் பெரிய மூலக்கூறுகளுக்கு மரக்கரி நல்லது, அதில் அகலத் துளைகள் அதிகம்.

கரிக்குப் பிடித்தது எது? தண்ணீரோடு ஒட்டாத, எண்ணெய்த்தன்மை உள்ள, வளைய அமைப்புள்ள கரிமப் பொருட்கள். பென்சீன், டொலுவீன், பெட்ரோல் வாடை, குளோரின் ஏறிய பழைய பூச்சிமருந்துகள், ஃபீனால் எல்லாம் இந்த வரிசை. பக்கத்து முதலமடை மாந்தோப்புகளை நினைத்து எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தைப் பற்றிக் கேட்பீர்கள்: அதைக் கரி நன்றாகவே பிடிக்கும். கரிக்குப் பிடிக்காதது, தண்ணீரிலேயே சுகமாகக் கரைந்து கிடப்பவை. உப்பு, கடினத்தன்மை தரும் கால்சியம், நைட்ரேட், ஃப்ளோரைடு. களைக்கொல்லிகளில் கிளைஃபோசேட் கரியில் சரியாக நிற்பதில்லை. எனவே "பூச்சிமருந்து எல்லாம் போகும்" என்ற பேச்சில் "எல்லாம்" தப்பு. "ஃப்ளோரைடு போகும்" என்பது முழுக்கவே தப்பு.

ஃப்ளோரைடைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், உங்கள் வட்டாரத்துக்கு இது சும்மா பேச்சு இல்லை. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில், கொழிஞ்சாம்பாறை, முதலமடை பக்கத்துப் பாறை நிலத்து நீரில் ஃப்ளோரைடு கூடுதல் என்பது பல காலமாகப் பதிவாகி வரும் விஷயம். இந்தியத் தர நிர்ணயத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாத நிலையில் 1.5 வரை. அதற்கு மேல் பல வருடம் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் கறை, பிறகு எலும்பில் வினை. இதற்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. கரி ஃபில்டர் போட்டுப் புகை வாடை போய்விட்டால், தண்ணீர் சுத்தம் என்று நம்பி ஃப்ளோரைடை நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருப்பீர்கள் என்பதுதான் என் பயம். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும். அதற்கென ஆக்டிவேட்டட் அலுமினா என்று ஒரு வெள்ளை மணிச் சரக்கு இருக்கிறது. அதுவும் பரப்புக் கவர்தல்தான், ஆனால் பரப்பு வேறு, அதன் விருப்பமும் வேறு. எலும்புக் கரியும் ஃப்ளோரைடைப் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் அது உண்மைதான். பிடிப்பது அதிலுள்ள கால்சியம் பாஸ்ஃபேட், கரி இல்லை. ஆர்.ஓ. இயந்திரமும் குறைக்கும்.

அடுத்து அந்த ஆஸ்பத்திரி வாடை. நேரில் பார்க்காமல் சொல்கிறேன், ஊகம்தான், ஆனால் பந்தயம் கட்டக்கூடிய ஊகம். தொட்டியில் லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) அதிகம்; சுடும்போது அது உடைந்து ஃபீனால்களும் தாரும் வரும். குழியில் சுட்டவர்கள் கடைசியில் தீயை அணைக்கக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். காப்பி நிறத்தில் மண்ணுக்குள் இறங்கும் அந்தத் தண்ணீரில் ஃபீனால் இருக்கும். ஃபீனால் தனியாக இருந்தால் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் சேர்ந்தால்தான் மூக்குக்குத் தெரியும். அதோடு ப்ளீச்சிங் பவுடரின் குளோரின் சேர்ந்தால் குளோரோஃபீனால் ஆகிவிடும். அது அதைவிடப் பல நூறு மடங்கு குறைந்த அளவிலேயே நாக்கிலும் மூக்கிலும் தட்டும். நீங்கள் சொன்ன ஆஸ்பத்திரி வாடை அச்சு அசல் இதுதான். குடிநீரில் ஃபீனால் வகைகளுக்கு இந்தியத் தரம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் என்று இவ்வளவு கறாராக வைத்திருப்பதற்கு இந்த வாடைக் கதையும் ஒரு காரணம். ஆகவே உடனே செய்யவேண்டியது, கிணற்றில் ப்ளீச்சிங் பவுடர் போடுவதை நிறுத்துவது. கிருமிக்கு மருந்து வேண்டும்தான், ஆனால் வரிசை முக்கியம்: முதலில் கரி ஃபீனாலைப் பிடிக்கட்டும், அதற்குப் பிறகு காய்ச்சுங்கள், அல்லது குளோரின் போடுங்கள்.

அப்போது தலைப்பிலுள்ள கேள்விக்குப் பதில் ஆம். வேடிக்கைதான், தொட்டியைச் சுட்டதால் வந்த ஃபீனாலைப் பிடிக்கத் தொட்டிக் கார்பனை விட நல்ல ஆள் இல்லை. ஆனால் அளவும் நேரமும் சரியாக வேண்டும். சமையலறைக் குழாயில் மாட்டும் சின்ன ஃபில்டரில் 200 கிராம் கரி இருக்கிறது என்று வையுங்கள், அது ஏறக்குறைய 400 மில்லி இடம் பிடிக்கும். குழாயை நிமிடத்துக்கு 2 லிட்டர் வேகத்தில் திறந்தால் தண்ணீர் கரிக்குள் இருக்கும் நேரம் 12 நொடி. மூலக்கூறு கரிமணியின் உள்துளை வரை நடந்து போக அது போதாது. பொதுக் குடிநீர் நிலையங்களில் 10 நிமிடம் அளவுக்கு வைப்பார்கள். அதையே வீட்டில் செய்யலாம்: இரண்டரை கிலோ மணிக்கரி 5 லிட்டர் இடம் பிடிக்கும், நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் மெல்ல இறக்கினால் 10 நிமிடம் கிடைத்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 25 லிட்டர் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. குளிக்க, துவைக்க இதைக் கடத்தவேண்டாம், கரி வீண்.

கரி எப்போது நிரம்பியது என்று பார்த்துச் சொல்ல முடியாது. முதல் நாளும் கறுப்பு, கடைசி நாளும் கறுப்பு. அதனால் ஒரே பெரிய பீப்பாயாக இல்லாமல் இரண்டு சிறியதாக அடுத்தடுத்து வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் குழாய். வாரம் ஒருமுறை அந்த நடுக்குழாய்த் தண்ணீரை மோந்து பாருங்கள், வாடை வந்தால் முதல் பீப்பாய் முடிந்தது. இரண்டாவதை முதலிடத்துக்கு மாற்றி, பின்னால் புதுக் கரி. ஆலைகளில் செய்வதும் இதுதான். நிரம்பிய கரியை விட்டுவைத்தால் ஆபத்து இன்னொன்று உண்டு: கரியோடு இன்னும் நன்றாக ஒட்டுகிற பொருள் பின்னால் வந்தால், முன்பே உட்கார்ந்திருந்த இளைத்தவனைத் தள்ளிவிடும். உள்ளே போகும் தண்ணீரைவிட வெளியே வரும் தண்ணீர் சில நேரம் மோசமாக இருப்பது அதனால்தான்.

புதுக் கரியைத் தண்ணீரில் போடும்போது பயப்படாதீர்கள். துளைகளிலிருந்து காற்று வெளியேறி சோடா மாதிரி நுரைக்கும், கைக்கு லேசாகச் சூடுகூடத் தெரியும். ஒரு இரவு ஊறவிட்டு, கறுப்புத் தண்ணீர் தெளியும் வரை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். குளோரினைக் கரி அழித்துவிடும் என்பதால் கரிப் படுகையில் கிருமி குடியேறுவது வழக்கம். இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தால் முதல் குடத்தைச் செடிக்கு ஊற்றுங்கள். கரிக்குப் பிறகு காய்ச்சுவதை விடாதீர்கள்.

வெயிலில் காயவைப்பதா? வெயில் ஈரத்தையும், இலேசாகப் பிடித்திருந்த ஆவிகளையும் கொஞ்சம் கிளப்பிவிடும், அதனால் அலமாரிக் கரிப் பைக்கு ஓரளவு பலன் உண்டு. கல் சூடேறினாலும் 60, 70 டிகிரிதான். ஃபீனால், பூச்சிமருந்து மாதிரி இறுகப் பிடித்தவற்றை எரித்து வெளியேற்ற ஆலையில் 800 டிகிரி உலை வேண்டும். தண்ணீர்க் கரிக்கு வெயில் வைத்தியம் செல்லாது.

இரவுப் புகை. புகையில் இருப்பது மூன்று சரக்கு: நுண்தூசி, வாடை தரும் ஆவிகள், கார்பன் மோனாக்சைடு. கரி நடுவில் உள்ளதை மட்டும் பிடிக்கும். அதுவும் விசிறி வைத்துக் காற்றை அதனுள் தள்ளினால்தான். ஆணியில் தொங்குகிற பை அறைக் காற்றைத் தேடிப் போய்ப் பிடிக்காது. மழைக்காலத்தில் காற்றின் ஈரமே பாதித் துளையை நிரப்பிவிடும். கார்பன் மோனாக்சைடை எந்தச் சாதாரணக் கரியும் நிறுத்தாது, முகமூடியில் இருந்தாலும் சரி. அதை நினைத்து யாரும் கரி முகமூடி போட்டுக்கொண்டு கிணற்றிலோ குழியிலோ இறங்கக்கூடாது.

இதைச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை ஈரக் கரி நிரப்பிய மூடிய டேங்குக்குள் ஒரு பையன் மண்வெட்டியோடு இறங்கினான். உள்ளே விஷவாயு எதுவும் கிடையாது, வெறும் கரியும் தண்ணீரும். இரண்டாவது நிமிடம் மண்வெட்டிச் சத்தம் நின்றது. மேலே நின்ற மேஸ்திரி கயிற்றைக் கட்டித்தான் இறக்கியிருந்தார், இழுத்துவிட்டார், பையன் பிழைத்தான். ஈரமான கார்பன் மூடிய இடத்துக் காற்றிலிருந்து ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்பது புத்தகத்தில் இருந்தது. எங்கள் ஆலைச் சுவரில் எழுதியிருக்கவில்லை. உங்கள் பீப்பாய் சின்னது, பிரச்சினை இல்லை. பெரிய தொட்டி கட்டும் எண்ணம் இருந்தால் ஞாபகம் வையுங்கள்.

காசு செலவழிக்கும் முன் ஒரு சின்னச் சோதனை. வாய் அகன்ற இரண்டு கண்ணாடிப் பாட்டில், இரண்டிலும் ஒரு லிட்டர் கிணற்றுத் தண்ணீர். ஒன்றில் மட்டும் அலசிய கார்பன் 10 கிராம் போட்டு, நாலைந்து முறை குலுக்கி, இரவு முழுக்க மூடி வையுங்கள். காலையில் இரண்டையும் திறந்து, பாட்டில் எது என்று தெரியாத ஒருவரை மோந்து பார்க்கச் சொல்லுங்கள். குடிக்கவேண்டாம். வாடை போயிருந்தால் கரி உங்கள் தண்ணீருக்கு வேலை செய்யும். போகவில்லை என்றால் என் ஊகம் தப்பு, வாடை வேறு எதிலிருந்தோ வருகிறது; அழுகிய முட்டை வாடையானால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதற்குக் காற்றேற்றுவதே முதல் வைத்தியம்.

கூடவே கேரள வாட்டர் அத்தாரிட்டியின் ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுங்கள். ஃப்ளோரைடு, ஃபீனால் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் ஃபீனாலைப் பார்க்க மாட்டார்கள். குழி தமிழ்நாட்டில், கிணறு கேரளத்தில் என்பதால் புகார் எழுதும்போது இரண்டு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதி, அந்தச் சோதனைத் தாளை இணையுங்கள். தாள் இல்லாத புகாரை ஒருவர் மற்றவர் பக்கம் தள்ளிவிடுவது சுலபம். முடிவு கையில் வந்ததும் அந்த இரண்டு எண்களையும், வீட்டில் எத்தனை பேர் என்பதையும் இங்கே எழுதுங்கள். எத்தனை கிலோ கரி, எவ்வளவு நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.